இருபது பேர் பட்டியல்

மூடா ஆற்றைக் கடந்த அந்தச் சம்பானில் படகுக்காரரையும் சேர்த்துப் பதினோரு பேர் இருந்தோம். நான்கு கோழிகளும் ஒரு தையல் இயந்திரமும் தனி. ஆறு பேருக்கான படகு அது. இதை நான் படகுக்காரரிடம் மலாயில் இரண்டு தடவை சொன்னேன். அவர் துடுப்பை நிறுத்தவில்லை. "எண்ணாதீங்க ஐயா. நீங்க எண்ண எண்ணப் படகு கனக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் படகின் விளிம்புக்கு நான்கு விரற்கடை கீழே நின்றது.

புக்கிட் மெர்தாஜாம் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் முப்பத்தொரு வருஷம் கிராணியாக இருந்தவன் நான். தோட்டத்துக் கணக்கு எழுதுவது, காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது, பொங்கலுக்கும் சித்திரைக்கும் விளையாட்டுப் போட்டி நடத்துவது எல்லாம் என் பொறுப்பு. அந்த முப்பத்தொரு வருஷத்தில் இந்த ஆற்றை எத்தனையோ முறை தாண்டியிருக்கிறேன். அப்போதெல்லாம் இது வெறும் ஆறு. போரில் மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரன், அக்கரையிலுள்ள கெடா மாநிலத்தைத் தூக்கிச் சியாம்காரனிடம் கொடுத்த பிறகு இது எல்லையாகிவிட்டது. அறுபத்திரண்டு வயதில், என் வீட்டிலிருந்து அரை நாள் தூரத்தில், கையில் ஏழு நாள் அனுமதிச் சீட்டோடு நான் வெளிநாடு போனேன்.

"என் மாமியார் வீடு அக்கரையில்தான்" என்றார் படகுக்காரர். "முன்னெல்லாம் கோபம் வந்தால் என் பெண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போவாள். இப்போது வெளிநாடு போகிறாள். திரும்பி வரும்போது மரியாதையைப் பார்க்கணும்!"

என் மகன் கணேசன் அக்கரையில் இருந்தான். புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு சிறிய தோட்டத்தில் அவன் கிராணி. இருபத்தாறு வயது. அவன் அம்மா போன பிறகு எனக்கு இருப்பது அவன் ஒருவன். எட்டு மாதமாக அவனிடமிருந்து கடிதம் இல்லை. அந்த எட்டு மாதமும் நானும் எழுதவில்லை.

குற்றம் என்னுடையதுதான், ஆனால் அப்போது அப்படி நினைக்கவில்லை. அவன் லயத்தில் குடியிருக்கும் கூலி ஆட்களோடு சடுகுடு ஆடுகிறான், ஒரு கட்சிக்கு அவனே தலைவன் என்று யாரோ வந்து சொன்னார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கடிதம் எழுதினேன். "தலைவன் என்பவன் கோட்டுக்கு வெளியே பட்டியலோடு நிற்க வேண்டியவன். நீ அவர்களோடு மண்ணில் புரண்டால் நாளைக்குப் பெரட்டில் எவன் உனக்கு அடங்கி நிற்பான்? ஆட்டத்தை விடு, அல்லது எனக்கு எழுதுவதை விடு." இரண்டாவதைச் செய்துவிட்டான் என்று நினைத்தேன். அவன்தான் முதலில் எழுத வேண்டும் என்று இருந்தேன். எட்டாவது மாதம் அந்தப் பிடிவாதம் எனக்கே சலித்துப்போய், அனுமதிக்கு எழுதிப் போட்டேன். அவனை வீட்டுக்கு அழைத்து வந்துவிட வேண்டும் என்பதுதான் பயணத்தின் நோக்கம். வேறு ஒன்றும் இல்லை.

முதல் நாள் பயணம் திகாம் பத்து என்ற சிற்றூரோடு நின்றுவிட்டது. அக்கரைச் சாவடியில் சியாம் அதிகாரி ஒருவருக்கும் ஜப்பான் சிப்பாய்கள் இருவருக்கும் குனிந்தேன்; குனிந்து வணங்காதவனுக்கு அறை விழும். கடைத்தெருவுக்குள் மேலும் நான்கு தடவை. ஆக ஏழு. கடைசிக் குனிவில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஒரு தமிழ்ப் பெண்மணியின் கடையில் காப்பி கேட்டேன். கருக வறுத்த சோளத்தை இடித்துப் போட்ட தண்ணீர் வந்தது. கடித்துக்கொள்ள ஒரு துண்டு வெல்லம். சாப்பிட மரவள்ளிப் புட்டு. நான் முகம் சுளித்ததை அந்த அம்மாள் பார்த்துவிட்டார்.

"என்னங்கய்யா, இட்டிலி கேப்பீங்க போலிருக்கு? கேளுங்கலா. கேக்கறதுக்கு இன்னும் பெர்மிட் போடல."

கெடா நெல் விளையும் நாடு. அங்கே ஒரு பிடி சோறு இல்லை. எங்கே போகிறேன் என்று கேட்டார். செலம்பாவ் பக்கம் என்றேன். அவர் கை புட்டுக் குழலோடு அப்படியே நின்றது.

"அந்தப் பக்கத்துத் தோட்டமெல்லாம் பொம்பளத் தோட்டமாப் போச்சேய்யா. ஆம்பளையளத்தான் சியாமுக்கு ரயில் ரோடு போட ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் பிடித்துப் போனார்கள். ஆனால் போனவர்கள் மரம் சீவுகிறவர்கள், காட்டு வேலைக்காரர்கள். கிராணிகளை அவர்கள் தொடவில்லை. பட்டியல் எழுத ஆள் வேண்டுமே. இதைச் சொல்லிச் சொல்லித்தான் எட்டு மாதம் தூங்கினேன். அன்று அந்தச் சொல் பலிக்கவில்லை.

இரண்டாம் நாள் சுங்கைப் பட்டாணிக்குக் கரி எரித்து ஓடும் லாரி கிடைத்தது. முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்ட கிழவன் போல அது மூச்சுவாங்கிற்று. மூன்றாவது மைலில் ஒரு மேட்டில் நின்றுவிட்டது. பதினாறு பேர் இறங்கினோம். "பின்னால் தள்ளுங்கள்" என்றார் ஒருவர். "இல்லை, முதலில் கல் வையுங்கள்" என்றார் இன்னொருவர். வரிசையாக நில்லுங்கள், ஒன்று இரண்டு மூன்று சொல்கிறேன் என்றது நான். யாரும் தள்ளவில்லை. மூட்டையோடு வந்த ஒரு சீனர் எதுவும் பேசாமல் சட்டையைக் கழற்றிக் கம்பியில் மாட்டிவிட்டுத் தோளைக் கொடுத்தார். ஒரு நிமிஷத்தில் எல்லோருடைய தோளும் லாரியில் இருந்தது, என்னுடையதும். எண்ணாமலேயே லாரி மேடேறியது. எனக்கு அதில் ஒரு சின்ன வருத்தம்.

சுங்கைப் பட்டாணியில் ரயில் ரோட்டுக்கு ஆள் சேர்த்த கணக்குகளை ஒரு பழைய கடை வீட்டில் வைத்திருந்தார்கள். மேசையில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுக்குப் பத்து வயது இளையவர். நான் தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் வாசலைப் பார்த்தார்.

"ஐயா, இந்தத் தாளை ஒருத்தருக்கும் காட்டக் கூடாது. நீங்களும் எழுத்து வேலை பாத்தனீங்கள் எண்டபடியால் காட்டுறன். ஆக்கள் வரமுன்னம் கெதியாப் பாருங்கோ."

ஒற்றைத் தாள். முதல் எழுத்தைப் பார்த்ததுமே என் கண் நிறைந்துவிட்டது. கணேசனின் கையெழுத்து. 'ழ'வின் வாலை நீட்டி எழுதாதே என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்த வால் அப்படியே இருந்தது. பெயர்களை எண்ணினேன். இருபது. மேலிருந்து கீழே, பிறகு கீழிருந்து மேலே. இருபது பெயரில் கணேசன் என்ற பெயர் இல்லை.

"உங்கட மகன்ர பேர் இல்லைத்தானே? பிறகென்ன, சந்தோசமாப் போங்கோ."

போனேன். பட்டியல் எழுதுகிறவன் பெயர் பட்டியலில் வராது. முப்பத்தொரு வருஷமும் நான் கண்ட நடைமுறை அதுதான். பாசாரில் ஒரு சீப்பு ராஸ்தாளி வாங்கினேன்; கணேசனுக்குப் பிடித்த பழம். பதினான்கு பழங்கள். வழியில் பசித்தும் நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அவனை எப்படித் திட்டுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே அன்றிரவு ஒரு கோயில் மடத்தில் படுத்தேன். எட்டு மாதத்தில் அத்தனை நிம்மதியாக நான் படுத்ததில்லை.

மூன்றாம் நாள் ஒரு மாட்டு வண்டியிலும் மிச்சம் நடந்தும் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பாதி ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு மரவள்ளி போட்டிருந்தார்கள். லயத்து வாசலில் ஒரு பெண் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். மாரியாயி என்று பிறகு தெரிந்தது.

"யாரு வேணும்?"

"உங்கள் கிராணி கணேசனுடைய அப்பா நான்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "வீரையாண்ணே! கிராணித்தம்பியோட அப்பா வந்திருக்காரு!" என்று உரக்கக் கூப்பிட்டாள். லயத்திலிருந்து பெண்கள் வெளியே வந்தார்கள். பதின்மூன்று பேர். நான் வாழைச் சீப்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

வீரையா மரம் சீவுகிறவர். கறுத்து, நெடுநெடுவென்று, கணேசனைவிட ஆறேழு வயது மூத்தவர். வந்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் பையை வாங்கினார்.

"உக்காருங்கய்யா. தண்ணி குடிங்க."

"கணேசன் எங்கே?"

"சியாமுக்குப் போயிருக்காருய்யா. இருபது பேரு கேட்டாங்க, இருபது பேரு போனாங்க. அதுல அவரும் ஒரு ஆளு."

"பொய்" என்றேன். "நேற்று நான் பட்டியலைப் பார்த்தேன். இருபது பெயர். அவன் பெயர் இல்லை. எழுதியது மட்டும் அவன்."

வீரையா மாரியாயியைப் பார்த்தார். அவள் மூக்கைச் சிந்திவிட்டு, "சொல்லிருண்ணே. கிராணிகிட்டப் போயிக் கணக்க மறைக்க முடியுமா?" என்றாள்.

அவர் தரையில் உட்கார்ந்து சொன்னார். ஒரு திங்கட்கிழமை லாரியில் வந்த ஜப்பான்காரர்கள் வெள்ளிக்கிழமைக்குள் திடமான ஆண்கள் இருபது பேர் வேண்டும் என்றார்களாம். வெள்ளைக்காரத் துரை போய் ஒன்றரை வருஷம். கூலிகளை வேலை வாங்கும் மண்டோர்தான் ஆட்களைக் காட்ட வேண்டும். தனக்கு ஆகாதவர்களையும், கேட்க நாதியில்லாதவர்களையும் அவர் காட்டப்போகிறார் என்று தெரிந்ததும் லயத்தில் கத்தி எடுத்துவிட்டார்கள். மண்டோர் அன்று மாலையே பட்டணத்துக்கு ஓடிவிட்டார். அப்போது கணேசன் சடுகுடு ஆடும் திடலுக்கு எல்லோரையும் கூப்பிட்டு, "உத்தி பிரிப்போம்" என்றானாம்.

தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். உத்தி பிரிப்பது என்பது ஆட்டத்துக்கு முன் கட்சி பிரிக்கும் முறை. தலைவர்கள் இரண்டு பேர் ஓரிடத்தில் உட்காருவார்கள். மற்றவர்கள் தமக்குச் சமமான ஒருவரோடு ஜோடி சேர்ந்து தள்ளிப் போய், ரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு, தோளில் கைபோட்டுத் திரும்பி வருவார்கள். "நிலா வேணுமா, நட்சத்திரம் வேணுமா?" என்று கேட்பார்கள். எது யார் என்று தலைவனுக்குத் தெரியாது. நிலா என்று சொன்னால் நிலா அவன் கட்சி, மற்றவன் எதிர்க் கட்சி. இப்படி மாறி மாறிக் கேட்டால் இரண்டு பக்கமும் சமமாகிவிடும். ஒருவரும் யாரையும் குறை சொல்ல முடியாது.

"ஒரு தலைவன் கிராணித்தம்பி. இன்னொரு தலைவன் நானு. எப்பவும் அப்படித்தான் ஆடுவோம்" என்றார் வீரையா. "ஜோடி சேர்றதுக்கு மட்டும் புதுசா சட்டம் போட்டாரு. பலத்தப் பாத்துச் சேரக் கூடாது, வீட்டப் பாத்துச் சேரணும்னாரு. ரெண்டு புள்ளக்காரனுக்கு ரெண்டு புள்ளக்காரன், கல்யாணம் ஆகாதவனுக்கு ஆகாதவன். அப்புறம் இன்னொண்ணு. தங்குறவன், போறவன் வீட்டுக்குச் சோறு போடணும். நாப்பது பேரு, இருபது ஜோடி. ஒரு ஜோடி வந்து இட்டிலி வேணுமா, தோச வேணுமான்னு கேட்டானுவ. கிராணித்தம்பி, சட்டினி இருக்கான்னாரு. அன்னிக்கும் சிரிச்சோம்யா."

சொல்லிவிட்டு அவர் தரையில் விரலால் ஒரு கோடு கிழித்தார்.

"கட்சி பிரிஞ்சது. எந்தக் கட்சி போறதுன்னு தெரியணும்ல? ரப்பர்ப் பால் எடுக்கிற பீங்கான் மங்கு ஒடஞ்ச சில்லுல ஒரு பக்கம் எச்சி தடவித் தூக்கிப் போட்டோம். ஈரமா, காஞ்சதான்னு கேட்டாரு. காஞ்சதுன்னேன். காஞ்சதுதான் விழுந்துச்சு. அவரு கட்சி போறதுன்னு ஆச்சு. பேரெல்லாம் அவரே எழுதினாரு. வெள்ளிக்கெழம லாரி வந்துச்சு. பட்டாளத்துக்காரன் ஒவ்வொருத்தனா எண்ணி ஏத்தினான், இருபது. கிராணித்தம்பி பட்டியல அவன் கையில குடுத்துட்டு, அவரும் ஏறிட்டாருய்யா. அவன் மறுபடி எண்ணிப் பாத்தான். தாளப் பாத்தான். சிரிச்சிட்டு லாரியத் தட்டிட்டான். நான் ஓடிப் போயி, எறங்குங்க தம்பின்னு கத்துனேன். கட்சி போகுது, தலைவன் மட்டும் எங்க நிப்பான்னாரு."

"இருபதுதானே கேட்டார்கள்?" என்றேன்.

"ஆமாங்கய்யா."

"இருபதுதானே கேட்டார்கள்? இருபத்தொன்று ஏன்?"

"உத்தியில தலைவனுங்க எண்ணிக்கையில வரமாட்டானுங்கய்யா."

நான் மூன்றாவது தடவையும் கேட்டேன் என்று நினைக்கிறேன். இருபது கேட்கிறவனிடம் இருபதைக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒன்று கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. இதைக்கூட நான் அவனுக்குச் சொல்லித் தரவில்லையா என்று கத்தினேன். எந்தத் தாளிலும் பெயர் இல்லாமல் போயிருக்கிறான்; அவன் வரவில்லை என்றால் யாரிடம் எந்தக் கணக்கைக் காட்டிக் கேட்பது? வீரையா தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். பழத்தை யாரோ என் கையிலிருந்து வாங்கிக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். போர் முடிந்து அந்த இருபத்தொரு பேரில் ஏழு பேர் திரும்பி வந்தார்கள். கணேசன் அவர்களில் இல்லை. கடைசிவரை வைத்திருந்து சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

நான்காம் நாள் முழுவதும் கணேசனின் வீட்டில் இருந்தேன். ஓர் அறையும் ஒரு சமையல் ஓரமும்தான் வீடு. வீரையாவின் மனைவி பாக்கியம் தினமும் கூட்டித் துடைத்து வைத்திருக்கிறாள். அவன் பொருள்களை எண்ணினேன். பாய், தலையணை, இரண்டு சட்டை, ஒரு கண்ணாடி, சீப்பு, மைக்கூடு என்று மொத்தம் பதினேழு. பதினெட்டாவதாக ஏதாவது இருக்காதா என்று மறுபடி எண்ணினேன். என் கடிதம் தலையணைக்கு அடியில் இருந்தது. நான் இரண்டாக மடித்து அனுப்பியது, எட்டாக மடிக்கப்பட்டிருந்தது. மடிப்புகள் நைந்து போயிருந்தன. எத்தனை தடவை பிரித்துப் படித்திருப்பான் என்பதை மட்டும் என்னால் எண்ண முடியவில்லை. அவன் சட்டை ஒன்றை முகர்ந்து பார்த்தேன். சாம்பலில் துவைத்த வாசனைதான் வந்தது.

மாலையில் வெளியே சத்தம் கேட்டது. பெரட்டு நிற்கும் இடத்தில் பெண்கள் கூடியிருந்தார்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை பங்கு கொடுப்பார்களாம். வீரையா நடுவில் நின்று, போனவனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"முனியாண்டி வீடு!"

"வந்தேன்!"

முனியாண்டிக்கு ஜோடியாக இருந்தவன் கிழங்கோடு முன்னால் வந்து அந்தப் பெண்ணின் கூடையில் போட்டான். வீரையா ஒரு கை உப்பு வைத்தார். அடுத்தது மாரியாயியின் முறை. அவள் புருஷனின் ஜோடி கொண்டுவந்த கிழங்கு விரல் தடிமன்கூட இல்லை.

"ஏன்டா, உன் ஜோடி அங்க ரயில் ரோடு போடுறான். நீ இங்க எலிவாலக் கொண்டாந்து போடுறியா?"

"மழ இல்லக்கா. அடுத்த தடவ பெரிசாத் தாரேன்லா."

"நீ பெரிசாத் தர்றதுக்குள்ள அவன் சியாம்காரியக் கட்டிக்கிட்டு வந்திருவான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இருபது பெயர், இருபது 'வந்தேன்'. முப்பத்தொரு வருஷம் பெரட்டில் பெயர் கூப்பிட்டிருக்கிறேன். பெயர் முடிவதற்குள் பதில் வந்ததை அன்றுதான் கேட்டேன். வீரையாவின் கையிலும் கிழங்கு இருந்தது. கடைசியில் அதை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. பொதுக் குவியலில் போட்டார்.

"நானும் கிராணித்தம்பியும் ஒரு ஜோடிதான்யா" என்றார். "எல்லாருக்கும் பாக்க ஒரு வீடு இருக்கு. அவருக்கு இங்க யாரும் இல்லாததால எனக்கு மட்டும் இல்லாமப் போச்சு."

ஐந்தாம் நாள் உப்புக்காக வீரையா தஞ்சோங் டாவாய்க்கு வண்டி கட்டினார். என்னையும் கூப்பிட்டார். நான் ஊருக்குத் திரும்புவதாக இருந்தேன். ஆனால் அந்த அறையில் இன்னொரு பகலை என்னால் கழிக்க முடியாது போலிருந்தது. ஏறிக்கொண்டேன். வண்டியின் அச்சு இரண்டு இடத்தில் கழன்றது. மாடு மூன்று இடத்தில் படுத்தது. சாவடிகளில் ஆறு தடவை குனிந்தேன். மூன்றாவது சாவடியிலிருந்து வீரையா என் முழங்கையைப் பிடித்துக் குனியவைத்து, பிடித்தே நிமிர்த்தினார். நான் வேண்டாம் என்றேன். அவர் விடவில்லை.

மெர்போக் ஆறு கடலில் சேரும் இடம் தஞ்சோங் டாவாய். மலாய் மீனவர் ஊர். கால் மேல் நிற்கும் வீடுகள், கருவாட்டுப் பந்தல்கள். எண்ணெய் டின்களை வெட்டிக் கடல் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் ஒரு டின்னை அடுப்பில் ஏற்றினோம். ஒரு மலாய் அம்மாள் சுட்ட மீன் இரண்டு கொண்டுவந்து இலையில் வைத்தார். நான் வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடுவதில்லை என்றேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "மீனுக்குக் கிழமை தெரியாது. சாப்பிடுங்கள், முகம் வெளுத்திருக்கிறது" என்றார். சாப்பிட்டேன். எட்டு மாதத்தில், ஏன், போர் தொடங்கியதிலிருந்தே அப்படி ஒரு ருசியை நாக்கு கண்டதில்லை. கணேசன் என்ன சாப்பிடுகிறானோ என்று நினைத்ததும் மிச்ச மீனை வீரையா பக்கம் தள்ளினேன்.

சியாம் எந்தப் பக்கம் என்று கேட்டேன். வீரையா கரையின் வலக்கைப் பக்கத்தைக் காட்டினார். அங்கே மலையும் மேகமும்தான் இருந்தன. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டின்னில் தண்ணீர் பாதியாக வற்றியிருந்தது.

"போறப்ப ஒண்ணு சொல்லிட்டுப் போனாருய்யா" என்றார் வீரையா. "லாரியிலேந்து சொன்னாரு. அப்பா வருவாரு, வந்தா இருபது கேட்டாங்க, இருபதுல நானும் ஒரு ஆளுன்னு சொல்லிரு. ஒண்ணு கூடப் போச்சுன்னு தெரிஞ்சா அவருக்கு மனசு ஒப்பாது. ராத்திரியெல்லாம் தூங்காம எண்ணிக்கிட்டே இருப்பாருன்னாரு. அதான்யா அன்னிக்குப் பொய் சொன்னேன். எனக்குச் சரியா சொல்ல வரல."

"நான் வருவேன் என்று சொன்னானா?"

"ஆமா. அடுத்த மாசமே வந்து நிப்பாரு பாருன்னாரு."

நான் அடுத்த மாதம் வரவில்லை, அதற்கடுத்த மாதமும் வரவில்லை. எட்டு மாதம் கழித்து வந்திருக்கிறேன். அவனுக்கு என்னைப் பற்றித் தெரிந்த கணக்கெல்லாம் சரியாக இருந்தது, அந்த ஒன்றைத் தவிர.

"எனக்கு ஏன் எழுதிப் போடவில்லை?"

"யாருய்யா எழுதுறது? எழுதத் தெரிஞ்ச ஆளு அவரு ஒருத்தர்தான்."

ஆறாம் நாள் திரும்பும் வழியில், தங்களோடேயே இருந்துவிடும்படி வீரையா ஒரே ஒருமுறை கேட்டார். என்னிடம் காரணங்கள் தயாராக இருந்தன. இந்தத் தோட்டத்தில் கொசு அதிகம். காய்ச்சலுக்குக் கொயினா கிடையாது. எனக்கு மரவள்ளி ஒத்துக்கொள்ளாது. வீட்டுக் கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகல் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அனுமதி ஏழு நாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "சரிங்கய்யா. நாளைக்குப் பங்கு முடிஞ்சதும் ஆத்து வரைக்கும் வண்டியில கொண்டாந்து விடுறேன்" என்றார்.

ஏழாம் நாள் சாயங்காலத்துக்குள் நான் ஆற்றைத் தாண்டியிருக்க வேண்டும். அதனால் பங்கைக் காலையிலேயே வைத்துக்கொண்டார்கள். என் பையைக் கட்டி வண்டியில் வைத்துவிட்டேன். கணேசனின் சட்டை ஒன்றும் அதற்குள் இருந்தது. அறையில் இப்போது பதினாறு பொருள்கள். வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வழக்கம்போல எண்ணினேன்.

"முனியாண்டி வீடு!"

"வந்தேன்!"

பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. பதினெட்டு. பத்தொன்பது. இருபது. பெண்கள் கூடைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டார்கள். வீரையா மட்டும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. கையில் இரண்டு கிழங்கு இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. மற்றப் பெயர்களைக் கூப்பிட்ட அதே குரலில், திடலுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"கணேசன் வீடு!"

மாடு மணியை ஆட்டியது. நான் வண்டியின் சட்டத்தைப் பிடித்திருந்த கையை எடுத்தேன்.

"வந்தேன்" என்றேன்.

எனக்கே கேட்கவில்லை. மாரியாயி கூட்டத்திலிருந்து திரும்பினாள்.

"சத்தமாச் சொல்லுங்கய்யா. அங்க வரைக்கும் கேக்க வேணாமா?"

தோளிலிருந்த துண்டை எடுத்து விரித்துக்கொண்டு, அந்த இருபது பேருக்குப் பின்னால் போய் நின்று, மறுபடியும் சொன்னேன்.